எந்த ‘நாம்’?



தமிழ் பயின்றோர் இன்று வகுப்பறைக்கு மட்டும் செல்வதில்லை. நிறுவனங்களின் மக்கள் தொடர்புப் பிரிவுகளிலும் சமூக ஊடகப் பக்கங்களிலும் எழுதும் பணி அவர்களுக்குக் காத்திருக்கிறது. அப்பணியில் ஒரே ஒரு சொல் எவ்வளவு பொறுப்பைச் சுமக்கிறது என்பதை இன்று நாம் எண்ணிப் பார்ப்போம். அச்சொல் ‘நாம்’ என்பதே.

விருந்தினரிடம் “இது எங்கள் வீடு” என்கிறோம். உடன்பிறந்தாரிடம் “இது நம் வீடு” என்கிறோம். கேட்பவரை உளப்படுத்துவது ‘நாம்’. அவரை விலக்கி நிற்பது ‘நாங்கள்’. பழந்தமிழில் விலக்கி நிற்கும் இடத்தில் ‘யாம்’ வழங்கியது. வடிவம் மாறியும் வேறுபாடு மாறவில்லை. நம் அண்டை வீட்டாரின் மலாய் மொழியிலும் இவ்வேறுபாடு உண்டு. ‘கித்தா’ என்பது கேட்பவரைச் சேர்க்கும்; ‘காமி’ என்பது சேர்க்காது. ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் ‘வீ’ என்னும் ஒரே சொல்தான்.

சிங்கப்பூரின் அதிகாரத்துவ மொழிகள் நான்கு. எனினும் நிறுவன அறிவிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் முதலில் உருவாகி, இறுதி நேரத்தில் தமிழுக்கு வருகின்றன. ‘வீ’ என்பது யாரைக் குறிக்கிறது என்று எழுதியவர் சொல்லியிருக்க மாட்டார். அவர் மொழி அதை அவரிடம் கேட்பதில்லை. தமிழ் கேட்கிறது. விடையை மொழிபெயர்ப்பவரே முடிவு செய்ய நேர்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம், சில வாடிக்கையாளர்களிடம் கூடுதல் கட்டணம் பெற்றுவிட்டதாக அறிவித்தது. தமிழ் வடிவத்தில் “நாம் தவறாகக் கட்டணம் வசூலித்துவிட்டோம்” என்றிருந்தது. அதனைச் சரிபார்த்தவர்கள் நாங்கள் இருவர். ஒற்றுப்பிழைகளைத் தேடித் திருத்தினோம்; ‘நாம்’ எங்கள் கண்ணில் படவில்லை. அறிவிப்பு வெளிவந்தபின் ஒரு மூதாட்டி தொலைபேசியில் கேட்டாராம்: “பணம் கட்டினவள் நான். வசூலித்ததிலும் எனக்குப் பங்கு உண்டா, தம்பி?” இலக்கணம் கற்ற நாங்கள் தவறவிட்டதை அவர் செவி பிடித்துவிட்டது. அப்பிழை எங்களுடையது, அதில் உங்களுக்குப் பங்கில்லை என்பதால்தான் இங்கே ‘நாங்கள்’ என்கிறோம்.

இது இலக்கணச் சிக்கல் மட்டுமன்று, நம்பிக்கை பற்றியதும் ஆகும். விளம்பரத்தில் ‘நம் குடும்பம்’ என்று அழைக்கும் நிறுவனம், புகார் எழுந்தவுடன் ‘எங்கள் விதிமுறைகளின்படி’ என்று எழுதினால், மக்கள் அந்த மாற்றத்தை உணர்ந்துகொள்வர். இலாபத்தில் விலக்கிவிட்டுச் சுமையில் மட்டும் சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’ நெடுநாள் நிலைக்காது.

மன்னிப்பிலும் இதே நிலைதான். “தவறு நேர்ந்துவிட்டது, வருந்துகிறோம்” என்ற தொடரில் தவறு தானாகவே நேர்ந்ததுபோல் இருக்கிறது. வருந்துதல் மன உணர்வு. மன்னிப்புக் கேட்டல் ஒருவரை நோக்கிச் செய்யும் செயல். “நாங்கள் தவறு செய்தோம், உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம், கூடுதல் தொகையைத் திருப்பித் தருவோம்” என்று எழுதும்போது, செய்தவர் யார், கேட்பவர் யார், அடுத்து நிகழ்வது என்ன என்பன விளங்குகின்றன.

சமூக ஊடகத்தில் இவ்விடர் மேலும் கூடுகிறது. அச்சில் வரும் அறிவிப்பைப் பலர் பார்த்துத் திருத்த நேரமிருந்தது. இன்று ஒருவரே சில நிமிடங்களில் மறுமொழி எழுதுகிறார். வாசகர் பேச்சுத் தமிழில் மனம் நொந்து கேட்கிறார். அவருக்குக் கிடைப்பதோ முன்னரே எழுதி வைத்த விறைப்பான தொடர். பேச்சு வழக்கிலேயே விடை தர வேண்டுமென்பதில்லை. எளிய எழுத்துத் தமிழில், கேட்ட கேள்விக்கு நேரான விடை தந்தாலே போதும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓர் ஆங்கில அறிவிப்பை மாணவரிடம் கொடுங்கள். ‘வீ’ வரும் இடந்தோறும் அதனுள் யார் இருக்கிறார், யார் இல்லை என்று எழுதச் சொல்லுங்கள். பின்னர் ஆங்கிலத் தாளை மூடிவைத்துவிட்டு, அச்செய்தியைத் தம் பாட்டிக்குச் சொல்வதுபோல் தமிழில் எழுதச் சொல்லுங்கள். இலக்கணப் பாடமும் தொழிற்பயிற்சியும் ஒருங்கே நிகழும்.

மாணவர்களே, நாளை நீங்கள் அத்தகைய பணியில் அமரும்போது, ஆங்கில வடிவம் முடிவாகும் முன்பே அம்மேசையில் இடம் கேளுங்கள். “இங்கே ‘வீ’ என்பது யார்?” என்று வினவுங்கள். அவ்வினா தமிழ் வாசகருக்கு மட்டுமன்றி மலாய் வாசகருக்கும் உதவும். ஆங்கிலத்தில் எழுதுவோரையும் ஒருகணம் நின்று சிந்திக்க வைக்கும்.

மொழியைக் காப்போம் என்று மேடைகளில் முழங்குகிறோம். ஓர் அறிவிப்பில் உரிய இடத்தில் ‘நாங்கள்’ என்று எழுதிப் பொறுப்பேற்பதும் மொழிக் காப்பே. இப்பணி நம் அனைவருக்கும் உரியது. இந்த ‘நம்’மில் நீங்களும் இருக்கிறீர்கள்.