வீட்டுக்கல்வியில் ஆட்சியியல்: கைப்பொருள் குறைவு, கற்பொருள் நிறைவு



ஒரு சிறுவன் கேட்ட கேள்வியிலிருந்து என் உரையைத் தொடங்குகிறேன். என் பேரனுக்கு அப்போது பத்து வயது. அவன் பள்ளிக்குச் செல்வதில்லை. தாயிடம் வீட்டிலேயே கற்கிறான். ஒருநாள் மாலை என்னருகே வந்து அமர்ந்தவன், "தாத்தா, நம்முடைய செனட்டர் யார்?" என்று கேட்டான். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற எனக்கு உடனே விடை சொல்ல வாய் வரவில்லை. சிங்கப்பூரில் செனட் சபை இல்லை, செனட்டரும் இல்லை. ஆயினும், அவன் படித்த புத்தகத்தில் இருந்தார்.

அந்தப் புத்தகம் அமெரிக்காவிலிருந்து பெட்டியில் வந்தது. வீட்டுக்கல்விக்கென்றே தயாரிக்கப்பட்ட பாடத்தொகுப்பு அது. வண்ணப் படங்கள், பயிற்சித் தாள்கள், தேர்வுகள் அனைத்தும் அதில் இருந்தன. என் மகள் வீட்டுச் செலவைச் சுருக்கி, ஏறத்தாழ இருநூறு வெள்ளி கொடுத்து வாங்கியிருந்தாள். பிழை புத்தகத்தில் இல்லை. அது தன் நாட்டுப் பிள்ளைகளுக்குத் தன் நாட்டு ஆட்சியைச் சரியாகவே சொல்லிக்கொடுத்தது. அங்கே அதிபரே அரசாங்கத்தின் தலைவர். இங்கே அதிபர் நாட்டின் தலைவர். அமைச்சரவைக்குத் தலைமை ஏற்பவர் பிரதமர். அங்கே இரண்டு சபைகள்; இங்கே ஒரே நாடாளுமன்றம். இருநூறு வெள்ளி செலவழித்தும் பிள்ளைக்குத் தன் வீட்டுக் கூரையைத் தாங்கும் தூண்கள் எவை என்று தெரியவில்லை. அன்றுதான் இந்தப் பொருளைப் பற்றி நான் சிந்திக்கத் தொடங்கினேன்.

நம் நாட்டின் கட்டாயக் கல்விச் சட்டம் 2000ஆம் ஆண்டில் நிறைவேறி, 2003ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. வீட்டிலேயே கற்பிக்க விரும்பும் பெற்றோர் தங்கள் பாடத்திட்டத்தைக் கல்வியமைச்சிடம் அளித்து விலக்குப் பெறவேண்டும். பிள்ளைகள் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வையும் எழுதவேண்டும். கணக்கிற்கும் அறிவியலுக்கும் கடைகளில் பயிற்சி நூல்கள் குவிந்துகிடக்கின்றன. ஆட்சியியலுக்கோ அவ்வாறில்லை. காலையில் கொடிவணக்கம் செய்து, நண்பர்களோடு உறுதிமொழி எடுக்கும் வாய்ப்பும் வீட்டில் கற்கும் பிள்ளைக்கு இல்லை. ஆதலால், பெற்றோர் விலை உயர்ந்த வெளிநாட்டுப் பெட்டிகளை நாடுகின்றனர். அல்லது அந்தப் பாடத்தையே கைவிடுகின்றனர்.

அவையோர்களே, ஆட்சியியல் என்றால் என்ன? அமைச்சர்களின் பெயர்ப்பட்டியலை மனனம் செய்வது ஆட்சியியல் ஆகாது. மூன்று கேள்விகளைக் கேட்கத் தெரிந்துகொள்வதே ஆட்சியியல். இதை முடிவு செய்தவர் யார்? எந்த அதிகாரத்தால் முடிவு செய்தார்? அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்? இம்மூன்றையும் கேட்கும் பழக்கம் வந்துவிட்டால், பாடநூல் நம் கைக்கு எட்டும் தூரத்திலேயே கிடக்கிறது என்பது விளங்கும்.

எங்கள் முதற்பாடநூல் அஞ்சல் பெட்டியில் வந்தது. அது நகர மன்றம் அனுப்பிய சேவை, பராமரிப்புக் கட்டண அறிவிப்பு. மின்தூக்கியைப் பழுதுபார்ப்பவர் யார், தாழ்வாரத்தைக் கூட்டுபவருக்குச் சம்பளம் தருபவர் யார் என்று பேரனிடம் கேட்டேன். "அரசாங்கம்" என்றான். நகர மன்றங்கள் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்குபவை என்பதையும், நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த நாடாளுமன்ற உறுப்பினர்களே அவற்றை நடத்தும் பொறுப்பை ஏற்கின்றனர் என்பதையும், நாம் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பகுதி நெடுங்காலப் பழுதுபார்ப்புக்கான சேமநிதிக்குச் செல்கிறது என்பதையும் எடுத்துச் சொன்னேன். பிறகு, மாலை நேரத்தில் புளோக்கின் கீழ்த்தளத்தில் நடக்கும் மக்கள் சந்திப்பைத் தொலைவிலிருந்து காட்டினேன். கையில் கடிதங்களோடு வரிசையில் அமர்ந்திருந்தவர்களைப் பார்த்துவிட்டு, "இவர்களுக்குத்தான் அவர் பதில் சொல்ல வேண்டுமா?" என்று கேட்டான். மூன்றாவது கேள்வி அவனுக்குப் பிடிபட்டுவிட்டது.

இரண்டாம் பாடநூல் கடை ரசீது. 10 வெள்ளிப் பொருளுக்கு 90 காசு பொருள் சேவை வரி. 1994ஆம் ஆண்டில் 3 விழுக்காடாகத் தொடங்கிய இவ்வரி, 2024ஆம் ஆண்டில் 9 விழுக்காடானது. வரியை உயர்த்தியவர் கடைக்காரர் அல்லர். நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறிய பின்னரே அது உயர்ந்தது. அந்த விவாதத்தில் ஆதரித்துப் பேசியவர்களும் உண்டு, எதிர்த்துப் பேசியவர்களும் உண்டு. நாடாளுமன்ற விவாதங்களின் முழுப் பதிவும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இரு தரப்பு உரைகளிலிருந்தும் ஒவ்வொரு பத்தியை எடுத்து, யார் என்ன காரணம் காட்டினார் என்று பிள்ளையை எழுதச் சொல்லலாம். பெற்றோர் தம் அரசியல் விருப்பத்தைத் திணிக்காமல் கற்பிக்க இதைவிட நல்ல வழியை நான் அறியேன்.

மூன்றாவது, நம் அரசியலமைப்புச் சட்டம். அதன் முழு வடிவமும் அரசாங்கத்தின் சட்டத் தொகுப்பு இணையத்தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. பத்து வயதுப் பிள்ளை அதை முழுமையாகப் படிக்க வேண்டியதில்லை. 153ஏ பிரிவு ஒன்றே தொடக்கத்திற்குப் போதும். மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் அதிகாரத்துவ மொழிகள் என்று உரைக்கும் பிரிவு அது. நாடாளுமன்றத்தில் இந்நான்கு மொழிகளிலும் விவாதிக்கலாம் என்கிறது 53ஆவது பிரிவு. இவற்றைப் படித்துக் காட்டிவிட்டு, ஒரு நாணயத்தைப் பேரன் கையில் வைத்தேன். அதில் 'சிங்கப்பூர்' என்று தமிழில் பொறித்திருப்பதை அவன் முதன்முதலாகக் கவனித்தான். பாட்டியோடு பேசும் மொழி என்று அவன் நினைத்திருந்த தமிழ், நாட்டின் சட்டத்திலும் நாணயத்திலும் இடம்பெற்ற மொழி என்று அன்று அறிந்தான்.

பணத்தைப் பற்றிப் பேசுகையில் ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 1999ஆம் ஆண்டில் வெளியான நம் பணத்தாள்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கருப்பொருள் உண்டு. இரண்டு வெள்ளித் தாளில் கல்வி. 'அரசாங்கம்' என்னும் கருப்பொருள் எந்தத் தாளில் தெரியுமா? ஆயிரம் வெள்ளித் தாளில்! சிக்கனமான பாடப்பொருள் தேடிய எனக்கு அது கட்டுப்படியாகவில்லை. படத்தைக் காட்டியே பாடத்தை முடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வெளியேயும் செலவில்லா வகுப்பறைகள் உள்ளன. நாடாளுமன்றம் கூடும் நாள்களில் பொதுமக்கள் பார்வையாளர் மாடத்தில் அமர்ந்து விவாதங்களைக் கேட்கலாம். நீதிமன்றத்தில் வெளிப்படையாக நடைபெறும் விசாரணைகளையும் அமைதியாக அமர்ந்து கவனிக்கலாம். தீபாவளி உள்ளிட்ட சில பண்டிகைகளையொட்டி இஸ்தானா பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுகிறது; குடிமக்களும் நிரந்தரவாசிகளும் இலவசமாக உள்ளே செல்லலாம். சட்டம் இயற்றும் இடம், நீதி வழங்கும் இடம், அதிபர் பணியாற்றும் இடம் ஆகிய மூன்றையும் பிள்ளை தன் கண்ணால் காண, பேருந்துக் கட்டணத்திற்கு மேல் ஒரு காசும் வேண்டியதில்லை.

இறுதியாக ஒரு பாடப்பொருள். அது எந்தக் கடையிலும் கிடைக்காது. என் தந்தையார் வைத்திருந்த தகரப்பெட்டியில் அவருடைய குடியுரிமைச் சான்றிதழ் இருக்கிறது. 1957ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி பதிவு செய்துகொண்டவர் அவர். நாம் இங்கேயே வேரூன்ற வேண்டும், குடியுரிமை பெறவேண்டும் என்று 1935ஆம் ஆண்டில் 'தமிழ் முரசு' நாளிதழைத் தொடங்கிய தமிழவேள் கோ. சாரங்கபாணி அந்நாளில் தமிழரிடையே வலியுறுத்திவந்தார். தேசிய நூலக வாரியத்தின் மின்தொகுப்பில் பழைய முரசு இதழ்கள் உள்ளன. சான்றிதழை மேசைமேல் வைத்து, அக்காலச் செய்திகளைப் பேரனுக்குப் படித்துக் காட்டினேன். அவன் அந்தத் தாளை இரு கைகளாலும் எடுத்துப் பார்த்து, "இது இல்லாவிட்டால் கொள்ளுத்தாத்தாவால் வாக்களித்திருக்க முடியாதா?" என்று கேட்டான். "முடியாது" என்றேன். நெடுநேரம் அவன் அதைக் கீழே வைக்கவில்லை. உங்கள் வீட்டு அலமாரியிலும் இத்தகைய ஒரு தாள் இருக்கக்கூடும், தேடிப் பாருங்கள்.

ஆயினும், ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. இப்பொருள்களுக்கு விலை இல்லை. ஆனால், அவற்றைப் பாடமாக்க நேரமும் பயிற்சியும் வேண்டும். நான் ஆசிரியனாக இருந்ததால் என் பேரனுக்கு அவை கிடைத்தன. மற்றப் பிள்ளைகளின் நிலை என்ன?

ஆசிரியப் பெருமக்களே, தொடக்கப்பள்ளிகளில் நன்னெறி, குடிமைப் பாடங்களைத் தாய்மொழியில் நடத்துபவர்கள் நீங்கள். வரி, வாக்கு, சட்டம், உரிமை, கடமை என்னும் சொற்களைச் சிறுவருக்கு எளிய தமிழில் விளக்கும் திறன் உங்களிடம் இருக்கிறது. வீட்டில் கற்கும் பிள்ளைகள் பள்ளிக்குரியவர் அல்லர் என்று எண்ணாதீர்கள்; அவர்களும் 21 வயதில் வாக்குச்சாவடிக்கு வரப்போகிறவர்கள். ஓய்வு நாளில் நூலகத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அப்பெற்றோரிடம் உங்கள் வழிமுறைகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள். மாணவச் செல்வங்களே, உங்கள் அக்கம்பக்கத்தில் வீட்டில் கற்கும் பிள்ளை இருந்தால், நாடாளுமன்றத்தைக் காணச் செல்லும்போது அப்பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

என் பேரன் இப்போது செனட்டரைத் தேடுவதில்லை. சென்ற மாதம் எங்கள் புளோக்கின் மின்தூக்கி இரண்டு நாள் இயங்கவில்லை. நகர மன்றத்திற்கு ஒரு கடிதம் எழுதினான், தமிழில் எழுதினான். அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டி, "தாத்தா, எழுத்துப்பிழை மட்டும் பாருங்கள், மற்றது எனக்குத் தெரியும்" என்றான்.

அந்த 'மற்றது' எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியட்டும்.