கொம்பேறி மூக்கன்

நேயர்களே, இன்று பாம்பைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலர் கால்களைத் தூக்கி நாற்காலியின்மேல் வைத்துக்கொண்டிருப்பீர்கள். அச்சம் வேண்டியதில்லை. நான் எடுத்துக்கொண்டது நஞ்சே இல்லாத ஒரு பாம்பு. ஆயினும் அதன் பெயர் நாகத்தின் பெயரினும் மிகுதியாக நம்மவரை நடுங்கவைப்பது: கொம்பேறி மூக்கன்.

இது கடித்தபின் மரக்கொம்பில் ஏறி, கடியுண்டவரின் சிதைப்புகை எழுகிறதா என்று பார்த்திருக்குமாம். பாட்டிமார் சொன்ன கதை. பாம்பு மரத்தில் ஏறுவது மெய்யே. அதன் வீடு அங்கேதான் இருக்கிறது. வேறெங்கே போகும்?

கண்டியைச் சூழ்ந்த வீட்டுத்தோட்டங்கள் இதற்கு வாய்ப்பான இடம். பலாவும் கராம்பும் சாதிக்காயும் நெருங்கி நிற்க, அவற்றில் மிளகுக்கொடி படர்ந்திருக்கும். நிலத்தைத் தொடாமலே மரத்துக்கு மரம் போய்விடலாம். சிங்கள அயலவர் இதனை ஹால்தண்டா என்பர்.

உடல் சாட்டைபோல் மெலிந்தது. நீளம் ஏறக்குறைய ஒரு மீற்றர். முதுகு வெண்கல நிறம். கண்கள் பெரியன, வட்டமானவை. சீண்டினால் உடலை ஊதிப் பருக்கவைக்கும். அப்போது செதில்களுக்கிடையே மறைந்திருந்த இளநீலம் பளிச்சென வெளிப்படும். அந்த அழகைக் கண்டவர்கள் பெரும்பாலும் கையில் தடியோடு நின்றவர்கள் என்பதுதான் வருத்தம். வயிற்றுச் செதில்களின் இரு ஓரங்களிலும் மடிப்புப்போன்ற விளிம்புண்டு. அது மரப்பட்டையைப் பற்றிக்கொள்ள, செங்குத்தான அடிமரத்திலும் விரைந்தேறும்.

பகலில் இரை தேடும். இரவில் கிளையிற் சுருண்டு உறங்கும். ஓணான், பல்லி, தவளை ஆகியவற்றை நெரிக்காமல் உயிரோடே விழுங்கும். முட்டையிட்டு இனம் பெருக்கும். பிடித்தால் கடிக்கத்தான் செய்யும். முட்கீறல் போன்ற காயத்துக்குமேல் ஒன்றுமில்லை.

இலங்கைப் பாம்புகளைப் பற்றி 1921இல் விரிவான நூல் வெளியிட்ட வைத்தியர் பிராங்க் வோல் நமது நுவரெலியாவிற் பிறந்தவர். அவருக்குப் பின்னரும் பல நூல்கள் வந்துவிட்டன. எனினும் எங்கள் பாடசாலை வேலியில் இப்பாம்பு தோன்றினால், மாணவர் கை முதலில் கல்லைத்தான் தேடுகிறது.

மரத்திலுள்ளவை எல்லாம் தீங்கற்றவை என்றும் எண்ணிவிடாதீர்கள். பச்சை மேனியிற் கருங்கோலமும் முக்கோணத் தலையும் உடைய குழிவிரியனும் இம்மலைகளின் செடிகளிலே உண்டு; அது நஞ்சுடையது. அதனினும் அடிக்கடி கடிப்பது மரத்தடியிற் கிடப்பது. மூக்குநுனி மேல்நோக்கிய, சருகு நிறமான சிறு விரியன் அது. இலங்கையில் நிகழும் பாம்புக்கடிகளிற் பெரும்பங்கு இதனுடையது. சிலருக்குச் சிறுநீரகமும் பழுதுபடும். இந்தியாவிலிருந்து வரும் வழக்கமான மாற்றுமருந்து இதன் நஞ்சுக்கு உதவுவதில்லை. தேயிலை மலையிற் கொழுந்து பறிப்போரும், சருகு கூட்டும் நம் வீட்டுப் பெண்களும் அஞ்சவேண்டியது இதற்கே. கொம்பில் நீலம் மின்னுகிறதா என்று அண்ணாந்து நிற்பவர், முதலில் தம் பாதத்தருகே கிடக்கும் சருகைப் பார்த்துக்கொள்ளட்டும்.