ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு சதமும் இல்லை

(ரொறன்ரோ, ஸ்காபரோவில் நடந்த முதியோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



முதியோர் நலன் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். அந்தத் தலைப்பில் எங்கள் மேடைகளில் வழக்கமாக நீரிழிவும் யோகாசனமும்தான் ஓடும். நான் காசைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். மாதக் கடைசியில் உங்கள் வங்கிக் கணக்கில் விழுகிற காசு. ஊரில் போய் இருந்தால் நின்றுபோகிற காசு.

ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், அவரைப் போல இந்த மண்டபத்திலேயே எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். பருத்தித்துறைக்காரி. 2009இல், 58 வயதில், மகன் ஸ்பொன்சர் செய்து வந்து இறங்கினார். வந்த கையோடு மருமகள் வேலைக்குப் போகத் தொடங்கினாள். பேரப்பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சோறு தீத்தியது, சப்பாத்துப் போட்டுவிட்டது, பனிக்குள் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனது எல்லாம் இந்த அம்மாதான். மகனும் மருமகளும் இரண்டு ஷிப்ட் அடித்து வீட்டுக் கடன் கட்டினார்கள், அரசாங்கத்துக்கு வரி கட்டினார்கள். அம்மாவுக்கு 65 வயது வந்தது. பென்சன் கேட்டார். இந்த நாட்டில் வசித்துப் பத்து ஆண்டு முடியவில்லை, போய்விட்டு 2019இல் வாருங்கள் என்றார்கள். அதுவரை பஸ் காசுக்கும் மகன் முகத்தைப் பார்த்தார்.

2019இல் கிடைத்தது. எவ்வளவு? இங்கேதான் கணக்கைக் கவனமாகக் கேட்க வேண்டும். ஓஏஎஸ் என்கிற முதியோர் பென்சனை முழுதாக எடுக்க 18 வயதுக்குப் பிறகு 40 ஆண்டு இந்த நாட்டில் வசித்திருக்க வேண்டும். குறைந்தால் ஆண்டுக்கு நாற்பதில் ஒரு பங்கு. 1977இல் கொண்டுவந்த கணக்கு. பத்து ஆண்டுக்காரருக்குக் கால் பங்கு. 2025 தொடக்கத்தில் முழு ஓஏஎஸ் மாதம் 727 டொலர். கால் பங்கு 182 டொலர். ஒருமுறை கால் பங்கு என்று எழுதிவிட்டால், அதன்பின் முப்பது வருடம் இங்கே இருந்தாலும் அந்தப் பங்கு கூடாது. மீதிப் பள்ளத்தை நிரப்புவது ஜிஐஎஸ் என்கிற, வருமானம் குறைந்த முதியோருக்கான மேலதிகக் கொடுப்பனவு. வேறு வருமானம் இல்லாத தனி ஆளுக்கு இரண்டும் சேர்ந்து மாதம் 1,800 டொலர் அளவில் வந்துவிடும். இதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். உலகத்தில் எத்தனை நாடு அகதியின் தாய்க்கு இதைச் செய்கிறது?

ஆனால் அந்த அம்மாவுக்கு இப்போது முழங்கால் போய்விட்டது. பேரப்பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் பதில். அம்மா பேஸ்மென்ட் அறையில் தொலைக்காட்சியோடு இருக்கிறார். பருத்தித்துறையில் தங்கச்சி தனியாக இருக்கிறா. அங்கே போய் இருந்துவிடலாம் என்று நினைக்கிறார். போனால் என்ன நடக்கும்?

ஜனவரியில் விமானம் ஏறினால் அந்த மாதமும் அதற்கடுத்த ஆறு மாதமும் காசு வரும். ஓகஸ்டில் நிற்கும். ஜிஐஎஸ் நிற்கும், ஓஏஎஸ்ஸும் நிற்கும். ஏன்? ஓஏஎஸ்ஸை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக இந்த நாட்டில் 20 ஆண்டு வசித்திருக்க வேண்டும். 2025இல் கணக்குப் பார்த்தால் அம்மா வசித்தது 16. பத்து ஆண்டு வசித்துப் பெற்ற உரிமையைக் கையில் தந்துவிட்டு, இதை வீட்டு வாசலைத் தாண்டிக் கொண்டுபோகாதே என்கிறார்கள்.

சரி, இன்னும் நாலு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து 20 ஐ நிரப்பினால்? அப்போதும் ஜிஐஎஸ் நிற்கும். கால் பங்கு ஓஏஎஸ் மட்டும் வரும். அந்த 182 டொலர் 2025 தொடக்கத்து நாணய விலையில் நாற்பதாயிரம் இலங்கை ரூபாய்க்கும் குறைவு. பருத்தித்துறையில் தங்கச்சி வீட்டில் மீனும் மரக்கறியும் மருந்தும் வாங்க அது ஓரளவு காணும். இன்றைக்கு அதுகூட இல்லை என்பதுதான் என் வழக்கு.

கணக்குத் தெரிந்தவர்களைக் கேட்கிறேன். அந்த அம்மா ஸ்காபரோவில் இருந்தால் ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசுக்கு மாதம் 1,800 டொலர் செலவு. ஒன்ராறியோவுக்கு ஓஹிப் என்கிற மருத்துவக் காப்புறுதிச் செலவு, மருந்துச் செலவு, நாளைக்கு விழுந்து இடுப்பு முறிந்தால் பராமரிப்பு இல்லத்தில் ஒரு கட்டில். அந்தக் கட்டிலுக்குப் பல்லாயிரம் பேர் ஏற்கெனவே பட்டியலில் காத்திருக்கிறார்கள். அவர் ஊருக்குப் போனால் 182 டொலரோடு எல்லாம் முடிந்தது. 182 கொடுக்க மறுத்து 1,800க்கு மேல் செலவழிக்கிற இந்தச் சட்டம் யாருடைய காசை மிச்சம் பிடிக்கிறது?

எங்கள் ஆட்களிலேயே இந்தச் சட்டம் தடுக்காதவர்களும் இருக்கிறார்கள். 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் எங்கள் ஆட்கள் 155 பேரை மீனவர்கள் காப்பாற்றிக் கரை சேர்த்தார்கள். அன்றைக்கு இருபத்தைந்து வயதில் வந்தவர் 2026 ஓகஸ்டில் 40 ஆண்டை நிரப்புகிறார். அவர் முழு ஓஏஎஸ்ஸையும், வேலை செய்து கட்டிய சிபிபி பென்சனையும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகலாம், ஒருவரும் தடுக்கமாட்டார்கள். அவர் பின்னால் கூப்பிட்ட தாய்க்குத்தான் பூட்டு.

எல்லா நாட்டுத் தாய்க்கும் இந்தப் பூட்டு இல்லை என்பதையும் கேளுங்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளோடு கனடாவுக்குச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது. இத்தாலி இருக்கிறது, போர்த்துக்கல் இருக்கிறது, ஜமைக்கா, பாபடோஸ், பிலிப்பைன்ஸ் இருக்கின்றன. இந்தியாவோடு 2012இல் கையெழுத்திட்டு, 2015 ஓகஸ்ட் முதலாம் தேதி நடைமுறைக்கு வந்தது. அந்த நாடுகளின் பென்சன் திட்டத்தில் ஒருவர் சேர்த்த ஆண்டுகளை இங்கே வசித்த ஆண்டுகளோடு கூட்டிப் பத்தையும் நிரப்பலாம், இருபதையும் நிரப்பலாம். சென்னைத் தொழிற்சாலையில் வைப்பு நிதியோடு வேலை செய்தவருக்கு அந்த வழி இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் படிப்பித்துப் பென்சன் எடுத்த ஆசிரியைக்கு இல்லை. இலங்கையோடு ஒப்பந்தம் கிடையாது. அதைச் செய் என்பதுதான் எங்கள் முதல் கோரிக்கை.

ஒப்பிடத்தக்க திட்டம் இலங்கையில் இல்லை என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். அரச ஊழியர் பென்சன் இருக்கிறது. 1958 முதல் ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது. அது மொத்தமாகக் கொடுக்கிற காசு என்பது உண்மை, அதை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று பேசித்தான் தீர்க்க வேண்டும். பேசவே தொடங்காமல் முடியாது என்று சொல்லக் கூடாது. ஊரில் கமம் செய்தவருக்கும் கடலுக்குப் போனவருக்கும் ஒப்பந்தம் வந்தாலும் ஒன்றும் வராது, அதையும் மறைக்கவில்லை. அவர்களுக்காகத்தான், ஓஏஎஸ்ஸை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கேட்கிற 20 ஆண்டைப் பத்தாக்கு என்கிற இரண்டாவது கோரிக்கை.

இதே ஒட்டாவா இன்னோர் இடத்தில் நியாயம் கேட்பதைப் பாருங்கள். பிரித்தானியாவில் உழைத்துவிட்டுக் கனடாவில் குடியேறியவரின் பிரித்தானியப் பென்சன் வந்த நாளில் இருந்த தொகையிலேயே நிற்கும், ஆண்டுக்காண்டு கூடாது. லண்டனிலிருந்து இங்கே வந்த எங்கள் ஆட்களிலும் அந்தக் கையறுநிலையில் இருப்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் போய் இருந்தால் கூடும், கனடாவில் இருந்தால் கூடாது. இது அநியாயம் என்று கனடா அரசு பலமுறை லண்டனுக்குச் சொல்லியிருக்கிறது. நல்லது. அடுத்தவன் முற்றத்துக் குப்பையைக் கூட்டுமுன் சொந்த முற்றத்தையும் கொஞ்சம் பார்க்கலாம்.

இது வரிப்பணம், வேலை செய்யாதவர்களுக்கு ஏன் என்று கேட்பார்கள். 2009இல் பிரம்டன் தொகுதி உறுப்பினர் ரூபி டல்லா, பென்சனுக்கு வேண்டிய பத்து ஆண்டை மூன்றாகக் குறைக்க சி-428 என்ற மசோதாவைக் கொண்டுவந்தபோது எழுந்த கூச்சல் பலருக்கு நினைவிருக்கும். அவருடைய கட்சியே கைவிட்டது. மூன்று என்று கேட்டது அரசியல் அவசரம் என்பதே என் எண்ணம். நாங்கள் மூன்று கேட்கவில்லை. அரசே போட்ட பத்து ஆண்டை நிறைவேற்றியவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம்.

எங்கள் பக்கத்துப் பிழையையும் சொல்லவேண்டும், கோபிக்காதீர்கள். எட்டு மாதம் ஊரில் இருந்துவிட்டு ஆறு மாதம் என்று எழுதுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதை விடுங்கள். விமானத்தில் நாட்டைவிட்டு வெளியேறும் ஒவ்வொருவரின் தேதியும் 2020 முதல் எல்லைச் சேவை நிறுவனத்தின் பதிவில் ஏறுகிறது. எடுத்த காசைத் திருப்பிக் கட்டு என்று கடிதம் வந்தால் பிள்ளைதான் கட்டவேண்டி வரும். ஓஹிப்புக்கு வேறு கணக்கு: எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 153 நாள் ஒன்ராறியோவில் இருக்கவேண்டும். பென்சனுக்கு ஒரு நாட்காட்டி, ஆஸ்பத்திரிக்கு ஒரு நாட்காட்டி. ஊரில் திடீரென்று வருத்தம் வந்தால் ஓஹிப் வெளிநோயாளருக்கு நாளுக்கு 50 டொலர், தீவிர சிகிச்சைக்கு 400 டொலர் வரைதான் தரும்.

அந்த அற்பத் தொகையையும் 2020 ஜனவரியில் ஒன்ராறியோ அரசு நிறுத்தியது. புளோரிடாவுக்குக் குளிர்காலத்தில் போகிற முதியோரின் சங்கம், ஸ்னோபேர்ட் சங்கம், நீதிமன்றம் போனது. அதே ஆண்டு செப்டம்பரில் வென்றது. அந்த வெற்றியால்தான் பருத்தித்துறை ஆஸ்பத்திரி பில்லுக்கும் ஓஹிப் இன்று ஏதோ தருகிறது. அவர்கள் வழக்குப் போட்டார்கள். நாங்கள் என்ன செய்தோம்?

2011இல் எங்கள் பிள்ளை ஒருத்தியை ஒட்டாவாவுக்கு நாடாளுமன்ற உறுப்பினராக அனுப்பினோம். இன்று எங்களவர் ஒருவர் அமைச்சரவையிலேயே இருக்கிறார். 2016இல் தை மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக நாடாளுமன்றம் ஏற்றது. ஒவ்வொரு தையிலும் தலைவர்கள் பட்டுவேட்டியோடு வந்து பொங்கல் பானையைக் கிண்டிப் படம் எடுக்கிறார்கள். வரட்டும், வரவேற்போம். அடுத்த தையில் பானைக்குப் பக்கத்தில் ஒரு கேள்வியையும் வையுங்கள்: இலங்கையோடு ஒப்பந்தம் எப்போது?

இந்த இரண்டு கோரிக்கைகளோடும் பின்னால் மேசையில் மனுப் படிவம் வைத்திருக்கிறோம். குடியுரிமை வேண்டாம், கனடாவில் வசித்தாலே கையெழுத்திடலாம். உங்கள் கையாலேயே போடுங்கள், பிள்ளை உங்களுக்காகப் போடக்கூடாது. நாடாளுமன்றத்தில் ஒரு காகித மனு சமர்ப்பிக்க 25 கையெழுத்துப் போதும். அது முன்வரிசையிலேயே கிடைத்துவிடும், ஆனாலும் எல்லோரும் போடுங்கள். சமர்ப்பித்தால் 45 நாளுக்குள் அரசு எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.