அடியில் நடப்பவன்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



மகாராஜபுரம் என்றதும் சங்கீதம் அறிந்தவர்கள் விசுவநாதய்யரையும் சந்தானத்தையும் நினைத்துக்கொள்வார்கள். அது தஞ்சைச் சீமையின் மகாராஜபுரம். நம்முடையது சதுரகிரி மலையின் நிழலில், வத்திராயிருப்புக்குப் பக்கத்தில், கண்மாயும் வயலும் தென்னந்தோப்புமாகக் கிடக்கிற ஊர். இங்கே நின்றுகொண்டு, ஜாஸ் இசையில் பேஸ் வாசிக்கும் கலைஞனைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது விழாக் குழுவினர் சற்றே திகைத்தார்கள். "கவிஞர்கள் கூடும் இடத்தில் இது எதற்கு?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு விடை என் வீட்டிலேயே இருந்தது. என் பெரியப்பா ஒத்து ஊதியவர்.

ஒத்து என்பது இன்றைய இளைஞர்கள் பலர் பார்த்தறியாத கருவி. நாகஸ்வரத்தைப் போன்ற நீண்ட குழல். ஆனால் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் கிடையாது. கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு, மூக்கால் மூச்சிழுத்து, இடைவெளி தெரியாமல் ஒரே சுரத்தை மணிக்கணக்கில் ஊதவேண்டும். நாகஸ்வரக்காரர் தோடியில் எங்கெங்கோ போய்வருவார். ஒத்துக்காரர் போன இடம் என்று ஒன்றில்லை. ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ரதவீதியில் நின்று கேட்ட ஆயிரக்கணக்கானவர்களில் ஒத்து ஊதியவர் பெயரைக் கேட்டவர் ஒருவர்கூட இல்லை. சுருதிப்பெட்டி வந்தபோது மேளத்தில் முதலில் வேண்டாதவரானவரும் அவர்தான்.

ஜாஸ் குழுவில் அந்த இடத்தில் நிற்பவன் பேஸ் வாசிப்பவன். ஆள் உயரத்தைக் காட்டிலும் பெரிய வயலினைப் போன்ற கருவி. நான்கு தடித்த தந்திகள். ஒரு தந்திக்கும் அடுத்ததற்கும் ஷட்ஜத்துக்கும் சுத்த மத்தியமத்துக்கும் உள்ள தூரம். வில்லை ஒதுக்கிவைத்துவிட்டு விரலால் சுண்டியே பெரும்பாலும் வாசிப்பார்கள். விரல் நுனி கொப்பளித்துக் காய்த்துப்போகும். நான்கு எண்ணிக்கை கொண்ட தாளத்தில், எண்ணிக்கைக்கு ஒரு சுரமாக, அவன் அடியில் நடந்துகொண்டே இருப்பான். ஆங்கிலத்திலும் அதை நடை என்ற பொருள்படவே சொல்கிறார்கள். ஒத்துக்காரர் ஓரிடத்தில் நிற்கிறார்; இவன் நடக்கிறான். வேற்றுமை அதுதான். மேலே எக்காளக்காரன் எவ்வளவு தூரம் பறந்தாலும், பாட்டு இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்பதை இவன் காலடியைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறான்.

இவர்களில் பெரும்பாலோர் எந்தக் குழுவையும் சேராதவர்கள். அழைப்பு வந்தால் போவார்கள். முன்பின் பார்த்திராத நால்வரோடு, ஒத்திகையின்றி மேடையேற வேண்டும். பாடகி பாட்டின் பெயரையும் தன் குரலுக்கான சுருதியையும் சொல்வாள், ஒருவர் எண்ணுவார், வாசிப்பு தொடங்கிவிடும். ஆகவே நூற்றுக்கணக்கான பாட்டுகள் எந்தச் சுருதியிலும் கையில் இருக்கவேண்டும். நேரத்துக்கு முன்னால் போய்ச் சேரவேண்டும். ஒருநாள் தவறினால் அடுத்த அழைப்பு வேறொருவனுக்கு. ஆடியிலும் மார்கழியிலும் வருமானமற்று, தை முகூர்த்தத்தை எதிர்பார்த்திருக்கும் நம் மேளக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு செய்தி. 1958-ல் டேவ் புரூபெக்கின் நால்வர் குழு இந்தியா வந்தது. சென்னையில் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தோடு அவர்களுடைய டிரம்ஸ் கலைஞர் ஜோ மோரெல்லோ சேர்ந்து வாசித்ததை விவரம் அறிந்தவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்தப் பயணம் முழுவதும் பேஸ் வாசித்தவர் யூஜின் ரைட். பயணத்தின் நினைவாக அதே ஆண்டு வெளிவந்த இசைத்தட்டில் பேஸ் வாசித்தவரோ ஜோ பெஞ்சமின். ஆள் மாறியதைக் கவனித்த ரசிகர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

ஆனால் கவனித்தவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். ரைட் கறுப்பர், மற்ற மூவரும் வெள்ளையர். 1960-ல் அமெரிக்கத் தென்மாநிலக் கல்லூரிகளில் அக்குழுவுக்கு 25 நிகழ்ச்சிகள் ஏற்பாடாகியிருந்தன. ரைட்டுக்குப் பதில் ஒரு வெள்ளையரை அழைத்துவர வேண்டும் என்றார்கள். புரூபெக் மறுத்தார். பெரும்பாலான நிகழ்ச்சிகள் கைவிட்டுப்போயின. பின்னணியில் நிற்பவன் கண்ணுக்குத் தெரிவதில்லை என்கிறோம். யார் கண்ணுக்கு என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மில்ட் ஹிண்டனின் வாழ்க்கையே எனக்கு மிகவும் நெருக்கமானது. 1910-ல் மிசிசிப்பி மாநிலத்து விக்ஸ்பர்க்கில் பிறந்து சிகாகோவில் வளர்ந்தவர். படித்தது வயலின். கறுப்பு வயலின்காரனுக்கு அன்று வேலை அரிது. பேஸுக்கு மாறினார். சார்லஸ் மிங்கஸ் செல்லோவை விட்டுப் பேஸுக்கு வந்ததும் இதே காரணத்தால்தான். பிறப்பைக் கேட்டுவிட்டுக் கருவியைக் கையில் கொடுக்கும் வழக்கம் நமக்கும் புதிதன்று. பறை யார் தோளில் ஏறவேண்டும் என்பதை எந்தச் சங்கீத சாஸ்திரமும் முடிவு செய்யவில்லை.

1936 முதல் பதினைந்து ஆண்டுகள் கேப் காலோவே குழுவில் இருந்தார் ஹிண்டன். பெரிய குழுக்களின் காலம் முடிந்தது. பிறகு நியூயார்க் ஒலிப்பதிவுக் கூடங்களில் அழைத்தவர்க்கெல்லாம் வாசித்தார். பில்லி ஹாலிடே, லூயி ஆம்ஸ்ட்ராங், அரீதா பிராங்க்ளின் என்று அவர் துணைநின்ற குரல்களுக்குக் கணக்கில்லை. இன்னொன்றும் செய்தார். போகுமிடமெல்லாம் ஒரு காமிராவை எடுத்துப்போனார். ரயில்நிலையத்தில் கறுப்பர்களுக்கான வழி என்று எழுதிய பலகையின் கீழே நிற்கும் தோழர்கள், பேருந்தில் தூங்குகிறவர்கள், பதிவுக் கூடத்தில் களைத்துப்போன பில்லி ஹாலிடே. அறுபதினாயிரம் படங்கள் அளவுக்குச் சேர்ந்தன. முன்னால் நிற்பவனுக்குச் சபை தெரியும். பின்னால் நிற்பவனுக்கு முன்னால் நிற்பவர்களின் முதுகும் தெரியும். 2000-ஆம் ஆண்டில் தொண்ணூறு வயதில் மறைந்தார்.

நம் நாட்டுக் கதைக்கு வருகிறேன். இந்த மேற்கு மலைக்கு அப்பால், பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, 'அன்னக்கிளி' 1976-ல் வருவதற்கு முன்னால் ஜி.கே. வெங்கடேஷ் முதலியோரிடம் கிட்டார் வாசித்துக் கூலி பெற்றவர்தான். கூட்டத்தின் பின்வரிசையை அறிந்தவர் என்பதாலோ என்னவோ, தம் பாட்டுகளில் பேஸ் கிட்டாருக்குத் தனியாக ஒரு பாட்டே எழுதிவைத்தார். அதை வாசித்துவந்த சசிதரனின் பெயர், அந்தப் பாட்டுகளை மனப்பாடமாகச் சொல்லும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர். இசைத்தட்டின் உறையில் அவ்வளவோடு நின்றது. ரகுமான் தம் ஒலிநாடாக்களின் உறையில் வாசித்தவர்களின் பெயர்களை அச்சிடத் தொடங்கியபோதுதான் கீத் பீட்டர்ஸ் போன்ற பேஸ் கலைஞர்களை வெளியூர்க்காரர்களாகிய நாம் பெயரால் அறிந்தோம். அதே காலத்தில் விசைப்பலகையும் கணினியும் வந்து, கால்ஷீட்டை நம்பியிருந்த எத்தனையோ வாத்தியக்காரர்களின் வேலையை எடுத்துக்கொண்டன என்பதையும் சொல்லவேண்டும். பெயர் வந்த வேளையில் வேலை போயிற்று.

இந்த மலரில் பத்தாண்டுகளில் கவிதை வாசித்தவர்களின் பட்டியல் வரப்போவதாக அறிகிறேன். பாய் விரித்தவர், அஞ்சலட்டை எழுதிக் கூட்டத்துக்கு அழைத்தவர், டீ வாங்கிவந்தவர் ஆகியோர் பெயரையும் பதிப்பாசிரியர் சேர்த்தால் மகிழ்வேன். பக்கம் போதாதென்றால் என் உரையில் ஒரு பத்தியை எடுத்துவிடலாம்.

பெரியப்பா தம் கடைசி ஆண்டுகளில் ஊதவில்லை. ஒத்தை வேட்டித்துணியில் சுற்றி உத்தரத்தில் செருகிவைத்திருந்தார். ஒருநாள் மாலை ஹிண்டன் வாசித்த ஒலிநாடா ஒன்றை அவருக்குப் போட்டுக்காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எக்காளத்தைப் பற்றியோ பியானோவைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. முடிந்ததும் என்னைப் பார்த்து, "அடியில ஒருத்தன் விடாம நடந்துக்கிட்டே இருக்கான்லப்பா, அவனுக்கு எவ்வளவு குடுப்பாங்க?" என்று கேட்டார்.

தெரியவில்லை என்றேன். இன்னொருமுறை போடச் சொன்னார்.