ஒரு சொல் திறந்த கதவு



குடிவரவுச் சட்டம் படிக்கப் போகிறேன் என்று பிள்ளை சொன்னால், "ஃபோம் நிரப்புறதுக்கும் ஒரு படிப்போ?" என்று கேட்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. அந்த வீடுகளோடு பேசத்தான் வந்திருக்கிறேன்.

1908-ல் கனடா ஒரு விதி போட்டது. சொந்த நாட்டிலிருந்து இடையில் தரிக்காமல் நேரே வருகிறவருக்கே அனுமதி. இந்தியா என்ற பெயர் அதில் இல்லை. ஆனால் இந்தியாவிலிருந்து இங்கே நேரே வரக் கப்பலே கிடையாது! அந்த விதியையும் காட்டித்தான் 1914-ல் இந்தியர்களை ஏற்றிவந்த கோமகாட்டா மாரு கப்பலை வான்கூவரில் இரண்டு மாதம் மறித்து வைத்தார்கள். வந்தவர்கள் 376 பேர். ஒரு சிலரைத் தவிர எல்லோரையும் திருப்பி அனுப்பினார்கள். பெயர் சொல்லாமலே ஒரு நாட்டு மக்களைத் தடுக்க முடிந்த சட்டம் அது. அதை வாசித்து இனங்காண ஒரு கண் வேண்டும், பிள்ளைகளே. அந்தக் கண்ணைத்தான் இந்தப் படிப்பு தருகிறது.

இனி ஒரு சொல்லைப் பாருங்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் அகதிக் கோரிக்கையை ஓர் அதிகாரி கேட்டுப் பதிவார். அந்தத் தாள்கள் ஓட்டாவாவுக்குப் போகும். முடிவெடுப்பவர் அந்த மனிதரின் முகத்தையே காணமாட்டார். இந்த முறையை எதிர்த்து ஏழு பேர், பெரும்பாலும் சீக்கியர்கள், உச்ச நீதிமன்றம் வரை வழக்காடினார்கள். 1982 உரிமைச் சாசனத்தின் ஏழாம் பிரிவு "ஒவ்வொருவருக்கும்" என்கிறது; குடிமக்களுக்கு என்று சொல்லவில்லை. கனடிய மண்ணில் நிற்கும் எந்த மனிதரும் அந்தச் சொல்லில் அடக்கம் என்று நீதிபதி பேர்த்தா வில்சன் எழுதினார். ஒருவர் சொல்வதை நம்பலாமா என்பதே கேள்வியானால், அவரை நேரில் பேசவிட்டுக் கேட்கவேண்டும். நிர்வாகத்துக்குச் சிரமம் என்பது நியாயமாகாது. அமர்ந்த ஆறு நீதிபதிகளில் மூவரின் வாதம் இது. மற்ற மூவரும் 1960 உரிமைச் சட்டத்தின் வழியாக அதே முடிவுக்கு வந்தார்கள். நாள், 1985 ஏப்ரல் 4.

அந்தத் தீர்ப்பைத் தொடர்ந்து 1989-ல், கோரிக்கைகளை நேரில் கேட்கும் குடிவரவு அகதிகள் சபை வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் ஓடிவந்த நம்மவர்கள் அங்கே மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நடுங்கும் குரலில் தங்கள் கதையைத் தாங்களே சொன்னார்கள். முன்பின் அறியாத அந்த ஏழு பேர் வாங்கித் தந்த நாற்காலியில் இருந்துதான் சொன்னார்கள்.

பிள்ளைகளே, இன்றிரவு அப்பாவிடம் கேளுங்கள். அலுமாரியில் பழைய உறை ஒன்று இருக்கும், விசாரணைத் தேதி போட்ட கடிதத்தோடு. அதை வாங்கி, அவர் பக்கத்தில் இருக்கும்போதே வாசியுங்கள்.