பூட்ஸுக்காக அறுத்த எலும்பு

இன்று பட்டம் பெறும் இளைஞர்களே,

இந்த வெயிலில் கறுப்பு அங்கிக்குள் என்ன பாடு படுவீர்கள் என்று எனக்குத் தெரியும். சுருக்கமாகவே பேசுகிறேன்.

1521 மே மாதம், ஸ்பெயினின் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டு ஒரு வீரரின் கால் முறிந்தது. பின்னாளில் புனித இஞ்ஞாசியார் ஆனவர் அவர். எலும்பு கூடிய பிறகும் முட்டிக்குக் கீழே ஒரு முண்டு துருத்திக்கொண்டு நின்றது. காலை இறுக்கிப் பிடிக்கும் நாகரிகமான பூட்ஸ் அதன்மேல் ஏறாது. அறுத்துவிடச் சொன்னார். மயக்க மருந்து இல்லாத காலம். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். எல்லாம் நாலு பேர் பார்வைக்காக! அந்த நாலு பேரை நம்மில் யாரும் நேரில் கண்டதில்லை. ஆனால் எந்தப் படிப்பு, எந்த வேலை, எப்போது கல்யாணம் என்று நம் வீடுகளில் முடிவெடுப்பவர்கள் அவர்கள்தான்.

படுக்கையில் பொழுது போக வீரதீரக் கதைகள் கேட்டார். வீட்டில் கிடைத்தவை கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர் வரலாறும்தான். ஒரு நேரம் ஒரு சீமாட்டியைக் கவரும் கனவு. மறு நேரம் புனிதர்களைப் போல வாழும் கனவு. இரண்டுமே இனித்தன. ஆனால் முதலாவது கலைந்ததும் மனம் வறண்டது. இரண்டாவது கலைந்தும் மகிழ்ச்சி தங்கியது. இந்த வேறுபாட்டைக் கவனித்ததுதான் அவருடைய விடுதலையின் தொடக்கம் என்பேன். 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அந்த நூலில் எனக்குப் பிடித்தது ஒரு சாதாரணக் கணக்கு. விட நினைக்கும் ஒரு குறையை எடுத்துக்கொள்ள வேண்டும். நாளுக்கு இரண்டு கோடுகள். மதியம் வரை எத்தனை முறை தவறினோமோ, அத்தனை புள்ளிகள் முதல் கோட்டில். இரவு வரை இரண்டாவதில். பிறகு காலையை மாலையோடும், நேற்றை இன்றோடும் ஒப்பிட வேண்டும். மளிகைக் கடை நோட்டு மாதிரிதான். எது நம்மை இழுக்கிறது என்று தெரியாதவரை அதுதான் நமக்கு எஜமான். புள்ளி வைக்கத் தொடங்கிய அன்றே அதன் பிடி தளர ஆரம்பிக்கிறது.

இது கிறிஸ்துவை நடுவில் வைத்த செபப் பயிற்சி. அதை மறைத்து மனஅழுத்தத்துக்கு மருந்தென்று விற்க எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் தன் மனதைத் தானே பார்க்கும் பழக்கம் எந்தச் சமயத்தவருக்கும் உதவும்.

இஞ்ஞாசியார் 33 வயதில் பார்சிலோனாவில் சிறுவர்களோடு உட்கார்ந்து இலத்தீன் படித்தார். பூட்ஸுக்காக எலும்பை அறுக்கச் சொன்ன அதே மனிதர்தான்! பிறகு பாரிஸில் அவரோடு ஒரே அறையில் தங்கிப் படித்தவர், பெரிய பதவிகளைக் கனவு கண்ட ஓர் இளைஞர். பயிற்சிகளுக்கு எளிதில் வளைந்து கொடுக்கவில்லை. 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து மீனவர் குடிசைகளில் நடமாடிய புனித சவேரியார் அவர்தான்.

உங்களில் பலர் கையில் இரண்டு வழிகள் இருக்கும்: வேலையா, மேல்படிப்பா? சென்னையா, சொந்த ஊரா? முன்பு எடுத்த முடிவை மனம் சோர்ந்திருக்கும்போது மாற்றாதீர்கள் என்கிறார் இஞ்ஞாசியார். இன்னொரு வழியும் சொல்கிறார். முன்பின் அறியாத ஒருவர் இதே சிக்கலோடு உங்களிடம் வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவர் நன்மையை மட்டும் எண்ணி என்ன சொல்வீர்களோ, அதை நீங்களே செய்யுங்கள். இன்றிரவு போட்டோக்களை அனுப்பி முடித்த பிறகு செய்து பாருங்கள்.

பட்டதாரிகளுக்கு என் வாழ்த்துகள்.