செவிலியரின் கண்ணும் கருத்தும்



பொன்னேரி வட்டாரப் பிள்ளைகள் செவிலியர் பயிற்சிக்குச் செல்வது கண்டு மகிழ்கிறோம். ஆனால், மருத்துவர் சொன்னதைச் செய்வது மட்டுமே அப்பணி என்று எவரும் எண்ணலாகாது.

வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் மருத்துவமனையில் 1909-இல் செவிலியர் பள்ளி தோன்றியது. 1946-இல் அங்கே பட்டப்படிப்பும் வந்தது. கைவேலை மட்டுமானால் பட்டம் எதற்கு? சிந்தித்துத் தீர்மானிக்கும் பணி என்பதாலன்றோ!

மருத்துவர் படுக்கையருகே நிற்பது சில நிமிடம். இரவெல்லாம் இருப்பவர் செவிலியரே. பிள்ளை பெற்ற தாய் ஒருத்தி தலை சுற்றுகிறது என்கிறாள். களைப்பென்று விட்டுவிடலாமா? நாடி நூறைத் தாண்டி ஓடுகிறதா? கருப்பை இறுகாமல் தளர்ந்திருக்கிறதா? துணி எவ்வளவு நனைந்தது? மூன்றையும் சேர்த்து நோக்கினால் இரத்தப்போக்கு என்பது விளங்கும். உடனே உதவிக்கு அழைத்து, கருப்பையைத் தேய்த்து இறுகச் செய்யவேண்டும். இரத்த அழுத்தம் இறங்கட்டும் எனக் காத்திருப்பது ஆபத்து. அது பெரும்பாலும் பிந்தி வரும் அடையாளம்.

நள்ளிரவில் மருத்துவரை எழுப்பினால் ஏசுவாரோ என்று அஞ்சாதீர்கள். “ஏதோ சரியில்லை” என்று நிறுத்தாமல், நாடி இவ்வளவு, போக்கு இவ்வளவு என்று கணக்கோடு சொல்லுங்கள். வசவு விடிந்தால் மறந்துபோகும். போன உயிர் திரும்பாது.

பங்கு மக்களே, நீங்கள் படுத்திருக்கும்போது நாடி பார்க்க நர்ஸ் எழுப்பினால் சலித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் உயிருக்காகவே அவர் விழித்திருக்கிறார்.